நீர்க்கணக்கு

சின்ன ஏர்வாடியில்
ஒரு குடம் நல்ல தண்ணி பன்னிரண்டு ரூபாய்.
உலைக்கு ஒன்றரை, பிள்ளைகளுக்கு ஒன்று.
எனக்கென்று தனியாக மோந்து வைத்ததில்லை.
குடித்தால் வரும்.
வந்தால் எங்கே போக?
வள்ளத்தில் நாங்கள் ஆறு பெண்கள்,
அணியத்தில் கொழுந்தன் முறைக்காரன்,
பின்னால் சுக்கான் பிடிக்கும் நம்புவேல்,
நடுவில் பாசிச் சாக்கு.

"கடலுக்குள்ளதான நிக்கிறீங்க" என்று சிரித்தார்
ஒருமுறை வந்த அதிகாரி.
நிற்கிறோம்தான்.
விரலில் துணி சுற்றி, மூச்சை அடக்கி,
பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது
உடம்பு எதையும் இளக்கித் தருவதில்லை.

அமாவாசை கழிந்து மூன்றாம் நாள்
எரிச்சல் தொடங்கியது.
மிளகாய் அரைத்த கை கண்ணில் பட்டது போல,
ஆனால் யாரும் ஊதிவிட முடியாத இடத்தில்.
முட்டிக்கொண்டு வரும், உட்கார்ந்தால் நாலு சொட்டு.
எழுந்ததும் மறுபடி முட்டும்.
சூடு என்றாள் உமையக்கா.
எங்களுக்கு எல்லாமே சூடுதான்.
வேலிக்கருவை ஓரத்தில் நெருஞ்சி பிடுங்கி
கொதிக்கவைத்துக் கொடுத்தாள்.
அடங்கிய மாதிரி இருந்தது.

இடம் மாறியிருக்கிறது,
நண்டு வளை மாற்றுவது போல.
அடிவயிற்றிலிருந்து ஏறி
விலாவுக்குக் கீழே, முதுகில் குடியேறிவிட்டது.
மூத்திரம் மீன் கழுவின தண்ணி நிறம்.
காலால் மண்ணைத் தள்ளி மூடினேன்.

ஆறாம் நாள், முள்ளித்தீவுக்குப் பக்கம்.
வெயில் மண்டையைப் பிளக்கிறது,
எனக்குப் பல் கிட்டிக்கிறது.
"தண்ணிக் குளிரு" என்றேன்.
உமையக்கா என் கழுத்தில் புறங்கை வைத்தாள்.
காலைக் கஞ்சி அப்படியே கடலுக்குப் போனது.
அவள் வள்ளத்தைப் பார்த்துக் கத்தினாள்,
ஆம்பிளைகள் காதுபட நாங்கள் சொல்லாத சொல்லை:
"இவளுக்கு ஒண்ணுக்குப் போற எடத்துல நோவு!
காய்ச்சல் ஏறிருச்சு, திருப்புடா!"

நம்புவேல் என் முகத்தைப் பார்க்கவில்லை.
காலிச் சாக்குகளையும் பார்க்கவில்லை.
இன்ஜின் கயிற்றை இழுத்தான்.
எல்லாருடைய அன்றைய கூலியும்
பாறையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

கீழக்கரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
பஸ்ஸில் சில்லறை கேட்பது போலக் கேட்டார்:
ரத்தம் கலந்து போனதா,
நடுக்கம் எத்தனை நாளாக,
முதுகில் எந்தப் பக்கம்,
நாள் ஏதும் தள்ளியிருக்கா,
ஒரு சொட்டும் வராமல் அடைத்துக்கொண்டதா.
வெட்கப்பட்டது நான் மட்டும்தான்.

எரியத் தொடங்கினதுமே வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும்,
இப்போது ஊசி, கட்டில், என்றார்.
"இனி எரிஞ்சா வைக்காத, வந்துரு.
காய்ச்சல் நடுக்கம், ரத்தம், முதுகு நோவு, வாந்தின்னா
அன்னைக்கே. ராத்திரின்னாலும்."

பக்கத்துக் கட்டிலில்
வாலிநோக்கம் உப்பளத்துப் பிள்ளை, பதினோரு வயது,
வயிற்றில் புதுத் தையல்.
தொப்புளைச் சுற்றி வலித்ததை வாயு என்று
பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்களாம்.
வலி வலப்பக்கம் இறங்கி
வயிறு பலகையான பிறகுதான் தூக்கி ஓடி வந்தார்கள்.
குடல்வால் வெடித்திருந்தது.
பிழைத்துக்கொண்டாள்.
அவள் அம்மா மடியில் அந்தப் பெருங்காய டப்பா
இன்னும் இருந்தது.

நாலு நாள், சொட்டுச் சொட்டாக
என் கைக்குள் இறங்கியது தண்ணி.
எனக்கென்றே தொங்கவிட்ட தண்ணி.
குடக்கணக்கில் எத்தனை ரூபாய் வரும் என்று
படுத்தபடியே எண்ணிப் பார்த்தேன்.

இப்போது வள்ளத்தில் ரெண்டு லிட்டர் பாட்டில்,
மூடியில் சிவப்பு நூல் கட்டி, என்னுடையது.
பாதி வழியில் "நிறுத்து" என்பேன்.
நம்புவேல் இன்ஜினை அணைத்துவிட்டுக்
கிழக்கே திரும்பிக்கொள்வான்.
ஒரு தார்ப்பாய், பிடிக்க ரெண்டு பேர்.

முதல் வாரம் நான் மட்டும்.
நேற்று
தார்ப்பாய்க்குள்ளிருந்து உமையக்கா வெகுநேரம் எழவில்லை.
பிறகு மெதுவாகக் கேட்டாள்:
"கீழக்கரைக்கு மொத பஸ்
எத்தனை மணிக்குடி?"